பழைய கணனிக்கு லினக்ஸ் ஏற்றதா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்புச் சேவை நின்றுவிட்டது. பழைய கணனிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. திம்புள்ளப் பகுதித் தோட்டங்களில் புதுக் கணனி வாங்க எத்தனை சங்கங்களால் முடியும்? ஆகவே லினக்ஸ் பற்றி அறிந்துகொள்வது நல்லது.

லினக்ஸ் ஒரு கட்டற்ற பணிசெயல் முறைமை. உரிமக் கட்டணம் இல்லை. அதன் இலகுவான வகைகள் பழைய கணனியிலும் ஓடும். இலவசமென்றால் மட்டமானது என்று எண்ணவேண்டாம். 2004 டிசம்பர் சுனாமியின்போது முகாம்களையும் காணாமற்போனோரையும் பதிவுசெய்ய நம் நாட்டவர் எழுதிய ‘சஹானா’வும் கட்டற்ற மென்பொருளே. 2005இல் பூகம்பம் கண்ட பாகிஸ்தானிலும் அது பயன்பட்டது. முகாம் பதிவில் பெயர் விடுபட்டால் என்னவாகும் என்பதை இடம்பெயர்ந்த உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேரளத்து அரச பாடசாலைகளும் பல்லாண்டுகளாக லினக்ஸிலேயே கற்பிக்கின்றன.

சிரமங்களும் உண்டு. பாமினியில் அடித்த கடிதங்கள், அந்த எழுத்துருவைச் சேர்க்காவிட்டால் கிறுக்கலாகத் தெரியும். விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருள் ஓடாமற் போகலாம். சில அச்சுப்பொறிகள் அடம்பிடிக்கும். இவற்றைவிடப் பெரிது, பழுதானால் பார்ப்பது யார் என்பதே. லினக்ஸ் தெரிந்த ஒருவராவது பக்கத்தில் இல்லாமல் மாறுவது புத்தியல்ல.

விண்டோஸை உடனே அழிக்கவேண்டாம். பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். ஒரு தமிழ்க் கடிதம் அடித்து, அச்செடுத்துப் பாருங்கள். மாறுவதென முடிவானால் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளை முதலில் வேறிடத்தில் பிரதிசெய்து வையுங்கள்.