சேர்க்கைத் தரவரிசையில் முதலிடம்: அந்த எண் எதை அளக்கிறது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 2026-ஆம் ஆண்டுச் சேர்க்கையின் இறுதிக் கட்டம் பிப்ரவரி 4, புதன்கிழமை தொடங்கியது. பள்ளி இறுதியாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் டிசம்பர் 3 முதல் 5 வரை நடந்த முன்கூட்டிய கையெழுத்துக் காலத்திலேயே தங்கள் பல்கலைக்கழகத்தை முடிவு செய்துவிட்டார்கள். மிஞ்சியிருந்தவர்கள் சிலர்தாம் என்றாலும், ரசிகர்களின் எதிர்பார்ப்பு உச்சத்தைத் தொடுவது அந்த நாட்களில்தான். எந்தப் பல்கலைக்கழகம் எத்தனையாவது இடம் என்று சொல்லும் தரவரிசைகள் அப்போதுதான் இறுதி வடிவம் பெறுகின்றன. அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கும் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்துள்ளன. சேர்க்கையில் முதலிடம் பெற்ற அணி கோப்பையை வெல்லும் என்று நம்பலாமா என்பது ஒன்று. அப்படியானால், அந்தப் பட்டியலில் வெகு கீழே இருந்துவந்த இண்டியானா பல்கலைக்கழகம் ஜனவரி 19 அன்று தேசியச் சாம்பியன் ஆனது எப்படி என்பது மற்றொன்று.

2026-ஆம் ஆண்டுச் சேர்க்கையில் முதலிடம் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்திருக்கிறது. 2006-க்குப் பிறகு அதற்கு இது முதல் முறை. டிசம்பரில் அது 35 பள்ளி மாணவர்களிடம் கையெழுத்து வாங்கியது. 2025 பருவத்தில் 9 ஆட்டங்களை வென்று 4 ஆட்டங்களில் தோற்ற அந்த அணியின் ரசிகர்கள், பயிற்சியாளர் லிங்கன் ரைலியின் ஐந்தாம் ஆண்டில் விடிவு பிறக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் ‘முதலிடம்’ என்ற அந்தச் சொல்லை வழங்கியது கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் என்சிஏஏ அமைப்போ வேறு எந்தப் பொது அமைப்போ அல்ல. ரசிகர்களிடம் மாதச் சந்தா வசூலித்துச் செய்தி விற்கும் தனியார் நிறுவனங்களே அதை வழங்கியிருக்கின்றன. பல்கலைக்கழகங்கள் தங்கள் செய்திக்குறிப்புகளில் இதை ஏதோ நடுநிலைத் தீர்ப்பு போல எடுத்தாளும்போது இந்த வேறுபாடு வாசகருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இந்த நிறுவனங்கள் மாணவர்களுக்குத் தரும் நட்சத்திரங்களின் கணக்கு எளியது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்றுக்குட்பட்ட தசம எண் ஒன்று தரப்படுகிறது, ஏறத்தாழ 0.98-ஐத் தாண்டியவர் ஐந்து நட்சத்திரம், 0.89-க்கு மேலிருப்பவர் நான்கு நட்சத்திரம், அதற்குக் கீழே மூன்று அல்லது இரண்டு. ஐந்து நட்சத்திரம் பெறுவோர் ஆண்டுக்கு முப்பத்துச் சொச்சம் பேர்தாம். தொழில்முறை லீகான என்எஃப்எல், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்களை வைத்திருப்பதை ஒட்டியே இந்த எண்ணிக்கை வகுக்கப்பட்டிருக்கிறது.

தனி மனிதருக்கான இந்த எண்களை ஒரு பல்கலைக்கழகத்துக்கான ஒற்றை எண்ணாக மாற்றும் முறைதான் இந்த ஏற்பாடு முழுவதிலும் மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதி. பொறுமையாகப் பார்க்க வேண்டிய பகுதியும் அதுவே. வெறுமனே கூட்டினால் அதிகம் பேரைச் சேர்த்தவர் வென்றுவிடுவார். சராசரி எடுத்தால் ஐந்தே பேரைச் சேர்த்தவர்கூட முதலிடத்துக்கு வந்துவிடுவார். இரண்டையும் தவிர்க்க, ரசிகர்கள் அதிகம் மேற்கோள் காட்டும் 247ஸ்போர்ட்ஸ் நிறுவனம் புள்ளியியலில் காஸியன் பரவல் எனப்படும் மணி வடிவ வளைகோட்டைப் பயன்படுத்துகிறது. சேர்க்கையில் உள்ளவர்கள் தரமதிப்பெண் வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். முதலாமவரின் மதிப்பெண் முழுமையாகவும், இரண்டாமவருடையது ஏறக்குறைய முழுமையாகவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வரிசையில் கீழே போகப் போக, மதிப்பெண்ணில் கணக்கில் சேரும் பங்கு வளைகோட்டின் சரிவைப் பின்பற்றிக் குறைந்துகொண்டே வருகிறது.

இந்தச் சரிவு எவ்வளவு செங்குத்தானது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். வளைகோட்டின் அகலத்தைத் தீர்மானிக்கும் திட்ட விலக்கத்தை 9 என்று வைத்துக்கொண்டால், பத்தாவது மாணவரின் மதிப்பெண்ணில் 61 விழுக்காடு கணக்கில் சேரும். இருபதாவது மாணவரிடமிருந்து 11 விழுக்காடு. இருபத்தைந்தாவது மாணவரிடமிருந்து 3 விழுக்காடு. முப்பதாவது மாணவரிடமிருந்து 1 விழுக்காடுகூட இல்லை. அந்த வரிசையில் முப்பத்தைந்தாவதாக இருப்பவர் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மேசைமேல் வரிசையாக வைத்த தொப்பிகளில் ஒன்றை எடுத்து அணிந்து, பக்கத்தில் தாயும் எதிரே உள்ளூர்க் கேமராக்களும் இருக்க எழுதிய அந்தப் பெயர், தரவரிசைக் கணக்கில் நடைமுறையில் சுழியம்தான்.

அப்படியிருக்க, 35 பேரைச் சேர்ப்பதில் தரவரிசை லாபம் ஏது என்று ஒருவர் கேட்கலாம். எண்ணிக்கை கூடக்கூட, முதல் இருபது இடங்களுக்குள் வரத்தக்க நல்ல மதிப்பெண்காரர்கள் அமையும் வாய்ப்பும் கூடுகிறது என்பதே விடை. புதிதாக வரும் சிறந்த வீரர் மேலே நுழைய, முன்பு அங்கிருந்த சுமாரான வீரர் மதிப்பு குறைந்த இடத்துக்குத் தள்ளப்படுகிறார், மொத்தம் உயர்கிறது. ஆண்டுக்கு 25 புதுமுகங்களுக்கு மேல் உதவித்தொகை தரக் கூடாது என்ற பழைய வரம்பு 2022-இல் தற்காலிகமாகவும் 2023-இல் நிரந்தரமாகவும் நீக்கப்பட்டதால்தான் இவ்வளவு பெரிய சேர்க்கை இன்று சாத்தியமாகிறது. ஆகவே, பத்தாண்டுகளுக்கு முந்தைய ஒரு சேர்க்கையின் மொத்தப் புள்ளியையும் இந்த ஆண்டின் மொத்தப் புள்ளியையும் அருகருகே வைத்து ‘எங்கள் வரலாற்றிலேயே சிறந்தது’ என்று ஒரு பல்கலைக்கழகம் அறிவித்தால், வெவ்வேறு விதிகளின்கீழ் பெறப்பட்ட எண்களை அது ஒப்பிடுகிறது என்று கொள்வதே சரி.

சூத்திரம் கணக்கில் எடுக்காதவை இன்னும் பல. ஒரே நிலையில் ஆடும் ஐந்து பேரைச் சேர்த்தாலும், ஐந்து வெவ்வேறு நிலைகளுக்கு ஆள் சேர்த்தாலும் அதற்கு ஒன்றே. எதிரணியின் தாக்குதலை உடம்பால் தடுத்து நிறுத்தும் லைன்மேன்கள் போதிய அளவில் இருக்கிறார்களா என்பது அதற்குத் தெரியாது. யாவற்றிலும் கவலைக்குரியது, கையெழுத்திட்டவர் ஓராண்டில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாலும், அவர் பெயரில் ஈட்டிய புள்ளி அந்தச் சேர்க்கையின் கணக்கிலேயே நின்றுவிடுகிறது என்பது. வரவு எழுதப்படுகிறது, பற்று எழுத அந்தப் பேரேட்டில் இடமே இல்லை.

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் 2022-ஆம் ஆண்டுச் சேர்க்கை இதற்கு மறுக்க முடியாத சான்று. இணையத் தரவரிசைகள் தொடங்கிய பின் அதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் பெற்றிராத புள்ளியை அது பெற்றது. எட்டு ஐந்து நட்சத்திர வீரர்கள் ஒரே ஆண்டில் வந்தார்கள். அந்தப் பருவத்தில், செப்டம்பர் 10 அன்று, சொந்த மைதானத்தில் அப்பலேச்சியன் ஸ்டேட் அணியிடம் 17-14 என்று தோற்ற அவர்கள், 5 வெற்றி 7 தோல்வி என்ற கணக்கில் ஆண்டை முடித்தார்கள். 2023 நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் நீக்கப்பட்டார். ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கும் அதிகம். அந்தச் சேர்க்கையின் வால்டர் நோலன் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துக்கும், எவன் ஸ்டூவர்ட் ஆரகனுக்கும், எல்.டி. ஓவர்டன் அலபாமாவுக்கும் போனார்கள். 2025 டிராஃப்டின் முதல் சுற்றில் 16-ஆவதாக நோலனும், அதற்கு அடுத்த இடத்திலேயே டெக்சஸ் ஏ அண்ட் எம்மை விட்டுப் போகாத ஷெமார் ஸ்டூவர்ட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டதை நோக்கும்போது, மதிப்பீட்டாளர்கள் அந்த இளைஞர்களின் திறமையைத் தவறாகக் கணித்தார்கள் என்று சொல்ல முடியாது. திறமை அங்கே இருந்தது. அதை ஓர் அணியாக நிலைநிறுத்தும் வலிமை அங்கே இல்லாமல் போயிற்று. அந்தப் புள்ளி இன்றும் பழைய பட்டியலில் அப்படியே இருக்கிறது.

மதிப்பெண் வழங்கும் முறையிலும் ஒரு சுழற்சி உண்டு. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று ஒரு மாணவருக்கு உதவித்தொகை தர முன்வந்தால், அந்தப் பயிற்சியாளர்கள் எதையோ கண்டிருக்கிறார்கள் என்று மதிப்பீட்டாளர்களும் அவரை மறுபடி பார்க்கிறார்கள், பல வேளைகளில் மதிப்பெண் ஏறுகிறது. ஏறிய மதிப்பெண் அதே பல்கலைக்கழகத்தின் புள்ளியை உயர்த்துகிறது. பயிற்சியாளரின் கண்ணும் ஒரு தகவல்தான் என்பதால் இதை மோசடி என்பது நியாயமாகாது. ஆனால் ‘அதிக நட்சத்திரம் பெற்றவர்களே வெல்கிறார்கள்’ என்ற வாதத்தின் ஒரு பகுதி தன்னைத்தானே நிரூபித்துக்கொள்வது என்பதை மறைப்பதும் நியாயமாகாது. மேலும், பல நிறுவனங்களின் மதிப்பெண்களைச் சேர்த்துத் தரும் கூட்டு மதிப்பெண்ணின் பலம், அந்த நிறுவனங்கள் ஒன்றையொன்று சாராதிருப்பதில்தான் இருக்கிறது. 2025-இல் ஆன்3 நிறுவனம் ரைவல்ஸ் நிறுவனத்தை யாஹூவிடமிருந்து வாங்கியதால் அந்தச் சாராமையும் குறைந்துவிட்டது. ரைவல்ஸை யாஹூவுக்கு விற்கும்வரை நடத்தி, 2010-இல் 247ஸ்போர்ட்ஸையும் 2021-இல் ஆன்3-ஐயும் தொடங்கியவர் ஷானன் டெர்ரி என்ற ஒரே தொழில்முனைவோர்தாம்.

இனி இண்டியானா. ஒரு பல்கலைக்கழகம் கடைசி நான்கு ஆண்டுகளில் சேர்த்த பள்ளி மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரம் பெற்றவர்களாக இருந்தால்தான் அது தேசியக் கோப்பையை வெல்ல முடியும் என்பது பட் எலியட் என்ற விளையாட்டுச் செய்தியாளர் வகுத்த ‘புளூ சிப்’ விகிதம். இணையத் தரவரிசைக் காலத்தில் அதுவரை சாம்பியன் ஆனவர்கள் எல்லாரும் இந்த வரம்பைக் கடந்திருந்தார்கள். இண்டியானா அதன் அருகில்கூட இல்லை. 2023-இல் 3 ஆட்டங்களை மட்டுமே வென்ற அந்த அணிக்கு வந்த கர்ட் சிக்னெட்டி, தாம் முன்பு பயிற்சி அளித்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தின் வீரர்கள் பலரை உடன் அழைத்துவந்து முதல் ஆண்டிலேயே 11 வெற்றிகள் பெற்றார். இரண்டாம் ஆண்டில் ஓர் ஆட்டமும் தோற்காமல், இறுதியில் மயாமியை 27-21 என வென்றார். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடி, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்ற ஃபெர்னாண்டோ மெண்டோசா, பள்ளி நாட்களில் பெரிய அணிகள் பொருட்படுத்தாததால் முதலில் யேல் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்து, பின்னர் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கிருந்து இண்டியானாவுக்கு வந்தவர்.

இதனால் பள்ளிச் சேர்க்கை பயனற்றதாகிவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரம். ஐந்து நட்சத்திரக்காரர்களில் என்எஃப்எல்லை எட்டுவோரின் விகிதம் மூன்று நட்சத்திரக்காரர்களின் விகிதத்தைவிட மிக அதிகம். பேட்ரிக் மஹோம்ஸ் மூன்று நட்சத்திரக்காரர், ஜே.ஜே. வாட் இரண்டு நட்சத்திரக்காரர் என்ற உண்மைகள் அந்த விகிதத்தை மாற்றிவிடுவதில்லை. மாறியிருப்பது வேறொன்று. 2018 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்ற மாறுதல் பதிவேடும், 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று தளர்ந்த விதியும் சேர்ந்து, இருபத்திரண்டு வயதில் முதிர்ந்து ஆடும் வீரரை ஓர் அணி நேரடியாகப் பெற வழிசெய்துவிட்டன. பதினேழு வயதில் நட்சத்திரம் பெற்றவரை வளர்த்தெடுக்கும் நான்காண்டு உழைப்பின் பலன் அடுத்த ஊருக்குப் போய்விடும் அபாயமும் அதனாலேயே கூடிவிட்டது.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமாக விடை சொல்லலாம். வாய்மொழியாகத் தரும் உறுதி கட்டுப்படுத்துமா? மாணவரையும் கட்டுப்படுத்தாது, பல்கலைக்கழகத்தையும் கட்டுப்படுத்தாது. 1964 முதல் இருந்த தேசியச் சேர்க்கை உடன்படிக்கை என்ன ஆயிற்று? 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டது. இப்போது கையெழுத்தாவது நிதியுதவி ஒப்பந்தம். பல்கலைக்கழகமே பணம் தரலாமா? 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26-இல் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்குப் பகிரலாம். அணியில் எத்தனை பேர் இருக்கலாம்? அதே சமரசத்தின்படி 105 பேர். மாறி வரும் வீரர்கள் புதுமுகத் தரவரிசையில் சேர்வார்களா? இல்லை, அதற்குத் தனிப் பட்டியல் உண்டு. புதுமுகங்கள் முதல் ஆண்டிலேயே ஆடுவார்களா? சிலர் ஆடுவார்கள், லைன்மேன்கள் பெரும்பாலும் உடல் தேறக் காத்திருப்பார்கள்.

தென் கலிஃபோர்னியாவின் ரசிகர்களுக்கு மகிழக் காரணம் இருக்கிறது. கோப்பை உறுதி என்று எண்ணக் காரணம் இல்லை. கையெழுத்திட்ட 35 பேரில் எத்தனை பேர் இரண்டு பருவங்கள் கழித்தும் அதே சீருடையில் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்போதுதான் இந்தச் சேர்க்கையின் மதிப்பு தெரியவரும். அதுவரை, ஓர் ஆட்டம் தோற்றதற்காகவோ வேறு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்ததற்காகவோ பதினெட்டு வயது நிரம்பாத பையன்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் கைப்பேசி வழியாக வசைபாடுவதை ரசிகர்கள் நிறுத்த வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கியவர்கள் அந்தப் பிள்ளைகள் அல்லர்.