களர் வேறு, உவர் வேறு

உப்பு மண் என்று பேச்சிலே ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். தமிழில் அதற்கு இரண்டு பெயர் உண்டு: களர், உவர். குறளில் கல்லாதவனுக்கு உவமையாக வருவது களர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்கியது, அகமதாபாத்தில் பழ மொத்த வியாபாரம் தொடங்கி முப்பது வருஷம் கழித்துத்தான். அதுவும் ஒருவருக்கு நஷ்டம் உண்டாக்கிய பிறகு!

கட்ச் மாவட்டம் முந்த்ரா கடற்கரைப் பக்கத்திலிருந்து எனக்குச் சரக்கு அனுப்பும் விவசாயி ஒருவர். கேசர் மாமரம் 40 வைத்திருந்தார். "அண்ணா, இலையெல்லாம் நுனியும் ஓரமும் கருகுது" என்று போன் செய்தார். நேரில் போனேன். வரப்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எங்கோ படித்த அரைகுறை ஞானத்தில் "ஜிப்சம் போடுங்க" என்றேன். வாங்கிக் கொட்டினார். இரண்டு கோடையில் 11 மரம் பட்டுப்போயிற்று.

ஜிப்சம் களருக்கு மருந்து. களரில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பி.எச். 8.5-க்கு மேல் போகும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, காய்ந்தால் கல் மாதிரி ஆகும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் அந்தச் சோடியத்தை விலக்கிவிடும். உவரிலோ உப்பு ஈரத்தில் கரைந்தே கிடக்கிறது. அதை நல்ல தண்ணீர் விட்டுக் கீழே கழுவ வேண்டும், கழுவிய நீர் வடிய வழியும் வேண்டும். அங்கே கிணற்று நீரே உவர். இறைக்க இறைக்கக் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. எதைக் கொண்டு கழுவுவது? வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்குவது ஒன்றுதான் வழி.

உவரில் மரத்துக்கு இரண்டு தொல்லை. காலடியில் ஈரம் இருக்கும், ஆனால் உப்பு பிடித்து வைத்திருப்பதால் வேரால் உறிஞ்ச முடியாது. உறிஞ்சிய நீரோடு போகும் குளோரைடும் சோடியமும் இலையில் வருஷக்கணக்கில் சேர்ந்து, பிறகுதான் கருகல் தெரியும். நாம் கண்ணால் பார்க்கும்போது நோய் பழையதாகியிருக்கும்.

மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனால் அளக்கிறார்கள். அளவு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் உவர் நிலம். ஆரஞ்சு 1.7-லேயே மகசூல் குறையத் தொடங்கும்; 4.8-ல் பாதியாகிவிடும். பேரீச்சை 4 வரை அசையாது, 18-ல்தான் பாதியாகும். கட்ச்சில் அதைச் செங்காயாகவே, மழை பிடிக்குமுன் ஆனியில் வெட்டி அனுப்புவார்கள். 'கரேக்' என்று பெயர். 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஓய்வுக்குப் பின் ஊரில் தோப்பு வைக்க நினைக்கும் அன்பர்கள் மண்ணோடு கிணற்று நீரையும் பரிசோதித்துக் கொள்ளுங்கள். உவர் என்று தெரிந்தால் பொட்டாஷ் உரத்தில் மியூரியேட் வேண்டாம், அது குளோரைடு, சல்பேட் வாங்குங்கள். சொட்டு நீர் போட்டால் உப்பு ஈர வட்டத்தின் விளிம்புக்கு ஒதுங்கும். சிறு தூறல் விழுந்தால் அதுவே வேருக்குத் திரும்பி வரும். ஆகவே தூறும்போது சொட்டு நீரை நிறுத்தக் கூடாது. கேட்க வேடிக்கையாக இருக்கும்!

பட்ட 11 குழியிலும் அவர் பேரீச்சைக் கன்று வைத்துவிட்டார். ஜிப்சத்துக்கு ஆன பணத்தை நான் என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.