படகில் வந்த பிள்ளையும் பொதி வாகனமும்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் அனலைதீவுப் படகு புறப்படும் நேரம் ஒருநாள் நின்று பாருங்கள். அரிசி மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், சீமெந்துப் பை என்று ஏற்றுகிறவர்களில் பெண்கள் பலர். "பாரம் தூக்கப் பெண்களால் ஏலாது" என்ற கதையை அந்தத் துறையில் நின்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அத்தீவைச் சேர்ந்த இருபத்தாறு வயதுப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள். "அக்கா, பொதி கொண்டுபோற கம்பனியொண்டுக்கு யாழ்ப்பாணத்தில சாரதி வேணுமாம். ஆம்பிளையள்தான் எண்டு போடேல்லை. நான் எழுதிப் போடட்டோ?"

அவள் எழுதி வந்த விண்ணப்பத்தில் தையல் சான்றிதழும் கேக் ஐசிங் சான்றிதழும் முதலிடத்தில் இருந்தன. தகப்பனாரின் புகையிலைத் தோட்டத்தில் ஐந்து வருடமாக லான்ட்மாஸ்டர் ஓடிய சங்கதி எங்குமே இல்லை. "அதெல்லாம் ஒரு தகுதியோ அக்கா?" என்றாள். அந்தத் தையல் வகுப்பை ஒழுங்குசெய்தவளே நான் என்பதால் எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது. விண்ணப்பத்தைத் திருப்பி எழுதினோம்.

பட்டணத்தில் சின்னம்மா வீட்டில் நின்று அவள் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தாள். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பின்னர் ஓடிக் காட்டும் பரீட்சை என்பதே அதற்கான வழி. எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். பி வகுப்பு அனுமதிப்பத்திரம் மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வாகனங்களுக்கு உரியது. ஒழுங்கைகளுக்குள் பொதி கொண்டுவரும் பட்டா வாகனம் அதற்குள் அடங்கும். அதற்கு மேற்பட்ட லொறிக்கு சி1 வேண்டும். பலர் இதை அறியாமல், "லொறி லைசென்ஸ் இல்லையே" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

நேர்முகத்தில் வாகனத்தைப் பின்னால் எடுக்கச் சொன்னார்களாம். எடுத்தாள். கடைசிப் படகு போய்விட்டால் என்ன செய்வீர் என்று கேட்டார்கள். வேலை நாட்களில் சின்னம்மா வீட்டில் தங்குவேன் என்றாள். இவை நியாயமான கேள்விகளே. அடுத்தது, "கலியாணம் கட்டினால் விட்டுவிட்டுப் போய்விடுவீரோ?" என்பது. அவள் சிரித்துவைத்தாளாம். எனக்குத்தான் கோபம் வந்தது.

1993 இல் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி தமிழ்நாட்டு அரசுப் பேருந்துச் சாரதியானார். ஆகவே பெண் ஓடலாமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. ஓடத் தொடங்கிய பின் அவளுக்கு என்ன நேரும் என்பதையே நாம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் யூபிஎஸ் பொதி நிறுவனத்தின் சாரதி பெகி யங் 2006 இல் கருவுற்றார். 20 இறாத்தலுக்கு மேல் தூக்க வேண்டாம் என்றது மருத்துவ ஆலோசனை. சாரதி 70 இறாத்தல் தூக்க வேண்டும் என்றது நிறுவன விதி. வேலையில் காயப்பட்டோருக்கு இலகு வேலை கொடுத்த நிறுவனம், இவரைச் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பியது. மருத்துவக் காப்புறுதியும் போயிற்று. கீழ் நீதிமன்றங்களில் தோற்றும் அவர் விடவில்லை. 2015 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையுடன் வழக்கை மீள விசாரிக்கப் பணித்தது. தீர்ப்பு வருமுன்னரே, அவ்வாண்டு ஜனவரியில் நிறுவனம் தன் விதியை மாற்றிக்கொண்டது. அதற்குள் அவருடைய குழந்தைக்கு ஏழெட்டு வயதாகிவிட்டது!

இதை அவளுக்குச் சொன்னேன். பயமுறுத்தவல்ல, கையொப்பமிடுமுன் எதைக் கேட்க வேண்டும் என்பதற்காக. நீர் ஊழியரா, சொந்தப் பொறுப்பில் ஓடும் ஒப்பந்தக்காரரா? ஊழியரென்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உமது சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம். பிரசவ விடுமுறை 84 நாள். ஒப்பந்தக்காரரென்றால் இவற்றில் எதையும் எதிர்பார்க்க முடியாது.

முதல் மூன்று மாதம் களஞ்சியத்தில் பொதி பிரிக்க வேண்டும், பிறகுதான் வாகனம் என்று கடிதம் வந்தது. யூபிஎஸ்ஸிலும் பலர் களஞ்சியத்தில் தொடங்கித்தான் சாரதியானார்கள், அதில் குறையில்லை. ஆனால் கடிதத்தில் சேமலாப நிதி பற்றி ஒரு வரியும் இல்லை. அவளே கேட்டு எழுதினாள், என் உதவியின்றி. திருத்திய கடிதம் பத்து நாளில் வந்தது.

தாயாருக்கு இன்னும் ஒரே கவலைதான். "மாரியில கடல் கொந்தளிச்சா இந்தப் பிள்ளை வீட்டுக்கு எப்பிடி வரும், மிஸ்?"