சமையலறையில் கூடிய சபை

மதப் பிரசாரம் என்றதும் உங்கள் மனக்கண் முன் என்ன வந்து நிற்கிறது? ஒரு மேடை, ஒலிபெருக்கி, கையில் கனத்த புத்தகத்துடன் உரத்த குரலில் பேசும் ஒருவர். இப்படித்தானே?

நான் இங்கே சொல்லப் போகும் அம்மாள் எந்த மேடையிலும் ஏறியவர் அல்ல. பத்தொன்பது குழந்தைகளைப் பெற்றவர். அவற்றில் ஒன்பதைச் சிசுப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். கடன்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்தவர். அவர் பிரசாரம் செய்த இடம் அடுப்பங்கரை. அதற்கு அவரைத் தூண்டியதோ, நம் தரங்கம்பாடியிலிருந்து போன சில கடிதங்கள்! நம்பச் சற்றுக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அம்மாள் தம் கைப்பட எழுதி வைத்த விஷயம் இது.

அவர் பெயர் சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் சபையைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் தாயார்.

இரண்டு ராஜா, இரண்டு படுக்கை

சூசன்னா 1669-ல் லண்டனில் பிறந்தார். தகப்பனாரும் ஒரு பாதிரியார்தான். அவருக்கு இருபத்தைந்தாவது குழந்தை இவர். 1688-ல் சாமுவேல் வெஸ்லி என்ற பாதிரியாரைக் கைப்பிடித்தார். சில வருஷங்களில் கணவருக்கு லிங்கன்ஷயர் ஜில்லாவில் எப்வொர்த் என்ற ஊரில் வேலையாயிற்று. அந்த ஊர் ஜனங்களுக்கும் பாதிரியாருக்கும் ஒத்துக் கொள்ளவே இல்லை. பாதிரியாரின் மாடுகளைக் காயப்படுத்துகிற அளவுக்கு விரோதம் முற்றியது. வரவுக்கு மிஞ்சிய செலவு வேறு. 1705-ல் கடனுக்காக அவரைப் பிடித்துச் சிறையிலேயே வைத்துவிட்டார்கள். சூசன்னா தம் மோதிரங்களைக் கழற்றிக் கணவருக்கு அனுப்பினார். அவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அம்மாள் வாயில்லாப் பூச்சி என்று எண்ணிவிடாதீர்கள். அப்போது இங்கிலாந்தை ஆண்ட வில்லியம் மன்னரைச் சட்டப்படியான அரசர் என்று அவர் ஒப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் வீட்டுப் பிரார்த்தனையில் கணவர் அரசருக்காக வேண்டிக் கொண்டபோது, 'ஆமென்' சொல்லாமல் மௌனமாக இருந்துவிட்டார். இரண்டு ராஜா உள்ள வீட்டில் இரண்டு படுக்கையும் இருக்கட்டும் என்று கணவர் கோபித்துக் கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டுப் போனார். மாதக்கணக்கில் நீடித்த பிணக்கு அது. பிறகு சமாதானம் ஏற்பட்டது. 1703-ல் பிறந்த குழந்தைதான் ஜான்.

1709 பிப்ரவரியில் ஓர் இரவு வீடு தீப்பிடித்தது. ஐந்து வயது ஜான் மாடியில் அகப்பட்டுக் கொண்டான். ஒருவர் தோள் மேல் ஒருவர் ஏறி நின்று, ஜன்னல் வழியாகப் பையனை வெளியே எடுத்தார்கள். மறுகணம் கூரை சரிந்து விழுந்தது. உடுத்த துணியைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. குழந்தைகளைப் பல வீடுகளில் பிரித்து விட வேண்டியதாயிற்று. புது வீடு கட்டி எல்லாரும் திரும்பி வந்தபோது, குழந்தைகள் கண்ட கண்ட பாட்டும் பேச்சும் கற்றுக் கொண்டு வந்திருந்தார்கள். தாய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

தரங்கம்பாடிக் கடிதங்கள்

இப்போது சற்று நம் பக்கம் வருவோம். 1706 ஜூலை 9-ந் தேதி டென்மார்க் அரசர் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய வாலிபர்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளூட்சோ. சீகன்பால்குக்கு மறுநாள்தான் இருபத்து நான்கு வயது நிறைய இருந்தது. அவர் வந்ததும் பிரசங்கம் செய்யக் கிளம்பவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ, ஆ' எழுதிப் பழகினார். பின்னால் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து, தரங்கம்பாடியிலேயே அச்சிட்டு 1715-ல் முடித்தவர் அவர். நடுவில் அவ்வூர் டேனிஷ் அதிகாரியின் கோபத்துக்கு ஆளாகி நாலு மாதம் சிறையிலும் இருந்தார்.

அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1709-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார்கள். அதில் ஒரு பிரதி எப்வொர்த் பாதிரியாரின் புத்தக அலமாரிக்கு எப்படியோ வந்து சேர்ந்தது.

1711-ம் வருஷக் கடைசியில் குருமார்களின் மகாசபைக்காகச் சாமுவேல் லண்டனுக்குப் போயிருந்தார். மூத்த பெண் எமிலி அப்பாவின் அறையில் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தாள். "படி, கேட்கலாம்" என்றார் தாய். மகள் படிக்கப் படிக்க, தாயின் உள்ளம் உருகிவிட்டது. பல நாட்கள் வரையில் வேறு பேச்சே ஓடவில்லை என்று அவர் எழுதுகிறார்.

புத்தகம் படித்து உருகுவது நமக்கும் புதிதல்ல. தொடர்கதையில் கதாநாயகி கஷ்டப்பட்டால் நாமும்தான் கண்ணைத் துடைத்துக் கொள்கிறோம். பிறகு எழுந்து குழம்புக்குப் புளி கரைக்கப் போய்விடுகிறோம். சூசன்னா அதோடு விடவில்லை. 'நான் ஆண் அல்ல, குருவும் அல்ல. கப்பல் ஏறித் தூர தேசம் போக முடியாது. ஆனால் இப்போது செய்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செய்ய என்னால் முடியாதா?' என்று தம்மையே கேட்டுக் கொண்டார். எங்கே ஆரம்பிப்பது? தம் சொந்தக் குழந்தைகளிடமே ஆரம்பிப்பது என்று தீர்மானித்தார்.

ஆளுக்கொரு மாலை

மூத்த பையன் வெளியூரில் படித்துக் கொண்டிருந்தான். கடைக்குட்டிக்கு இன்னும் பேச்சே சரியாக வராத வயது. மீதி எட்டுப் பேர். திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி பாட்டி, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும் என்று முறை போட்டார். அன்றைக்கு யாருடைய முறையோ, அந்தக் குழந்தையைத் தனியாக அழைத்து வைத்துக் கொண்டு மனம் விட்டுப் பேசுவார். பாடம் வேறு, இது வேறு. பாடத்துக்குத்தான் பகலில் காலை மூன்று மணி நேரம், பிற்பகல் மூன்று மணி நேரம் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடந்ததே! மாலையில் கேட்பதெல்லாம் அந்தக் குழந்தையின் மனசுக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

அந்த வீட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு விதி உண்டு. நன்றாகப் படிக்கத் தெரியும் வரையில் எந்தப் பெண் குழந்தையின் கையிலும் தையல் ஊசியைக் கொடுக்கக் கூடாது! முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தாய் போட்ட விதி இது. இன்னொன்றும் கேளுங்கள். செய்த தப்பைத் தானே வந்து ஒப்புக் கொண்ட குழந்தைக்கு அடி கிடையாது.

வியாழக்கிழமை மாலையின் அருமை பையனுக்கு எப்போது தெரிந்தது? வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக ஆன பிறகு. அந்த வியாழன் மாலையில் ஒரு சிறு பகுதியை இன்னமும் எனக்காக ஒதுக்க முடியுமா என்று 1732-ல் ஜான் தாய்க்கு எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு!

இடம் போதாத அடுப்பங்கரை

கணவர் ஊரில் இல்லாத நாட்களில் ஞாயிறு மாலை வீட்டிலேயே குழந்தைகளையும் வேலைக்காரர்களையும் உட்கார வைத்துப் பிரார்த்தனை செய்து, ஒரு நல்ல பிரசங்கத்தைப் படித்துக் காட்டுவார் சூசன்னா. வேலைக்காரப் பையன் ஒருவன் இதைத் தன் வீட்டில் போய்ச் சொன்னான். "நாங்களும் வரலாமா?" என்று அவன் பெற்றோர்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வீட்டார் வந்தார்கள். முப்பது, நாற்பது என்று கூடிய கூட்டம் இருநூறைத் தாண்டியது. நிற்க இடமின்றித் திரும்பிப் போனவர்களும் உண்டு.

அங்கேதான் வந்தது வினை. கோவிலைக் கவனித்துக் கொள்ளும்படி சாமுவேல் விட்டுப் போயிருந்த உதவிப் பாதிரியாரின் பெயர் இன்மன். அவர் பிரசங்கத்துக்கு வருவோரைவிட அம்மாளின் அடுப்பங்கரைக்கு வருவோர் அதிகமாகிவிட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? உடனே லண்டனுக்குப் புகார்க் கடிதம் பறந்தது.

கணவர் ஆட்சேபித்து எழுதினார். 'பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கிறது. நீ ஒரு பெண். என் பதவியையும் யோசிக்க வேண்டாமா? வேறு யாரையாவது படிக்கச் சொல்' என்பது அதன் சாரம்.

1712 பிப்ரவரி 6-ந் தேதி அம்மாள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். 'விசித்திரமா? கடவுளைப் பற்றி எதைச் செய்தாலும் இந்தக் காலத்தில் விசித்திரமாகத்தான் தோன்றும். பெண்ணா? ஆம். ஆனால் குடும்பத்தின் எஜமானியும் அல்லவா? முதல் பொறுப்பு உங்களுடையதுதான். நீங்கள் இல்லாதபோது இவர்கள் என் பொறுப்பு. வேறு யார் படிப்பது? எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவர்கள் இவர்களில் இல்லையே' என்று பணிவு குறையாமல் விளக்கினார்.

கணவர் மனம் சமாதானமடையவில்லை. நிறுத்திவிடும்படி மீண்டும் எழுதினார். அதற்கு அம்மாள் பிப்ரவரி 25-ல் எழுதிய பதிலைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. முன்பெல்லாம் மாலை ஆராதனைக்கு இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். இப்போது இருநூறு முந்நூறு பேர். ஏழு வருஷமாகக் கோவில் வாசலை மிதிக்காத ஒருவரும் வர ஆரம்பித்திருக்கிறார். நம்மைப் பகைத்த ஊரார் இன்று அன்பாகப் பழகுகிறார்கள். இவ்வளவும் கணக்குப் போலச் சொல்லிவிட்டு, முடிவில் ஒரு வேண்டுகோள். 'நிறுத்துவது உங்கள் விருப்பம் என்று மட்டும் எழுதாதீர்கள். அது என் மனச்சாட்சிக்குப் போதாது. தெளிவாக உத்தரவு போடுங்கள். நாளை நாம் இருவரும் கடவுள் சந்நிதியில் நிற்கும்போது, நல்ல காரியத்தைக் கைவிட்ட குற்றம் என்னைச் சேராதபடி அந்த உத்தரவு இருக்கட்டும்!'

எவ்வளவு சாமர்த்தியம், பாருங்கள்! கணவர் சொல்லை மீறுவேன் என்று ஒரு வார்த்தை இல்லை. அதே சமயம் முழுப் பாரத்தையும் அவர் தலையிலேயே வைத்துவிட்டார். அந்த உத்தரவு வரவே இல்லை. அடுப்பங்கரைச் சபை கணவர் திரும்பும் வரையில் நடந்தது.

விதையும் விளைவும்

அந்தக் கூட்டத்தில் எட்டு வயது ஜானும், நாலு வயது சார்லஸும் இருந்தார்கள். பிற்காலத்தில் ஜான் வெஸ்லி ஏற்படுத்திய சபையில், ஏறக்குறையப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்கள் வாரந்தோறும் கூடி, ஒருவர் மனநிலையை ஒருவர் விசாரித்துக் கொள்வார்கள். பெண்களும் அவற்றுக்குத் தலைமை வகித்தார்கள். தாயின் மாலை நேரங்கள் நம் நினைவுக்கு வருகின்றன அல்லவா? குருப்பட்டம் பெறாத மாக்ஸ்பீல்டு என்பவர் பிரசங்கம் செய்யத் துணிந்ததைக் கேட்டு ஜான் கோபமாக ஓடி வந்தபோது, "முதலில் அவர் பேச்சைக் கேள்; அதனால் விளைந்த பலனைப் பார்" என்று தடுத்தவரும் இந்தத் தாய்தான்.

எல்லாம் இனிதே நடந்தது என்று சொல்லிவிட முடியாது. செவ்வாய்க்கிழமைக்காரியான ஹெட்டி எட்டு வயதிலேயே கிரேக்க மொழி படித்த புத்திசாலி. ஒருவனை நம்பி ஏமாந்து, கர்ப்பிணியாக வீடு திரும்பினாள். 1725-ல் தகப்பனார் அவளை, அவளுக்குச் சற்றும் பொருந்தாத ஒருவருக்கு மணம் முடித்துத் தள்ளிவிட்டார்; கடைசி வரையில் மன்னிக்கவும் இல்லை. தம்பி ஜான் அவளுக்காகப் பரிந்து ஒரு பிரசங்கமே எழுதினார். அந்த வீட்டில் கண்டிப்பு இருந்த அளவுக்கு அந்தச் சமயத்தில் கருணை இருக்கவில்லை. ஒழுங்கு எவ்வளவு இருந்தாலும், தவறி விழுந்த குழந்தைக்குத் திரும்பி வர ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்பதையும் இந்தக் குடும்பத்திடமிருந்தே கற்றுக் கொள்ளலாம்.

சூசன்னா அம்மாள் 1742 ஜூலையில் லண்டனில் காலமானார். 1814-ல் வெஸ்லி சபையின் மிஷனரிகள் இலங்கைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பணி செய்த ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். தரங்கம்பாடியிலிருந்து கடிதமாகப் போனது, நூறு வருஷம் கழித்து மனிதர்களாகத் தமிழ் மண்ணுக்குத் திரும்பி வந்தது!

சகோதரிகளே, உங்கள் மதம் எதுவானாலும் ஆகட்டும். நீங்கள் நல்லது என்று நம்புவதை உங்கள் குழந்தைக்கு எப்போது சொல்கிறீர்கள்? அவசர அவசரமாகத் தலை பின்னும்போதா? பரீட்சை மார்க்கைப் பார்த்துக் கோபம் வரும்போதா? வாரத்தில் ஒரே ஒரு மாலை, ஒரு குழந்தையைத் தனியாக அருகில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். முதலில் அது சொல்வதைக் கேளுங்கள். இன்று என்ன கிழமை? யாருடைய முறை?