இறக்கத்தில் நியூட்ரல்: மிச்சமாகாத எரிபொருள்

எரிபொருளை மிச்சப்படுத்தும் ஓட்டுமுறைகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை எனினும், மலைப்பாதையின் இறக்கத்தில் கியரை விடுவித்து வண்டியைத் தன் எடையாலேயே உருளவிடும் வழக்கத்தை அவற்றோடு சேர்த்து எண்ணுவதற்கில்லை. ஓட்டுநர்கள் 'நியூட்ரலில் இறக்குவது' என்று சொல்லும் இம்முறை, இன்றைய வாகனங்களில் செங்குத்தான இறக்கத்தில் ஒரு துளி எரிபொருளையும் மிச்சப்படுத்துவதில்லை. உயிருக்கோ பெருங்கேடு விளைவிக்கிறது.

கார்புரேட்டர் பொருத்திய பழைய பெட்ரோல் இன்ஜின்களில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் வேகமாகச் சுழலும்வரை அதன் உறிஞ்சுவிசை பெட்ரோலை இழுத்துக்கொண்டே இருந்தமையால், நியூட்ரலில் விட்டால் செலவு குறையும் என்ற கணக்கில் அன்று ஓரளவு நியாயம் இருந்தது. எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. கியரில் இருக்கும் வண்டி இறக்கத்தில் இறங்கும்போது சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுவதைக் கட்டுப்பாட்டுக் கருவி உணர்ந்து எரிபொருளை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமல் இருப்பதற்காகவே எரிபொருள் தொடர்ந்து எரிய வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகைமாசு விதிகளால் புதிய இருசக்கர வாகனங்களும் பெருமளவில் இன்ஜெக்டர் முறைக்கு மாறிவிட்டன. பழைய டீசல் லாரிகளின் பம்பிலும் இதே வேலையைச் செய்யும் கவர்னர் என்னும் உறுப்பு உண்டு என்பதால், லாரிகளைப் பொறுத்தவரை இந்தச் சிக்கனம் அன்றும் வெறும் நம்பிக்கையே.

இதற்குக் கொடுக்கப்படும் விலை பெரிது. 10 டன் எடையுள்ள லாரி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது இழக்கும் ஆற்றல், சுமார் 300 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜினின் எதிர்ப்புவிசை, அதாவது இன்ஜின் பிரேக், ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் அந்தச் சுமை ஏறத்தாழ முழுவதும் பிரேக்கின் மேலேயே விழுகிறது. சூடேறிய பிரேக் டிரம் விரிவடைந்து லைனிங்கிலிருந்து விலகுவதோடு, லைனிங்கும் பற்றும் தன்மையை இழக்கிறது. கார்களில் மற்றொரு கேடும் உண்டு. டாட் 3 வகைப் புதிய பிரேக் ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்றாலும், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழையதானபின் அதன் கொதிநிலை 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடக்கூடும். குழாய்க்குள் ஆயில் கொதித்து ஆவியானால், மிதித்த பெடல் எதிர்ப்பே இல்லாமல் அடிவரை போய்விடும். 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஆழியாறு–வால்பாறைச் சாலையிலோ, 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலோ அந்த ஒரு கணத்துக்குப் பின் ஓட்டுநர் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இன்ஜினையே அணைத்துவிட்டு உருளவிடுவது இதனினும் கொடிது. பிரேக்கை மிதிக்க உதவும் கருவியிலுள்ள வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துபோகிறது, பவர் ஸ்டீயரிங் கனத்துவிடுகிறது, காற்றழுத்த பிரேக் உள்ள லாரியில் கம்ப்ரசர் நின்றுபோவதால் தொட்டியின் அழுத்தமும் மிதிக்கு மிதி குறைகிறது. சாவியை முழுவதும் திருப்பி எடுத்துவிட்டால் பல வண்டிகளில் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் விலை உச்சத்தைத் தொட்ட 2008இல் அமெரிக்காவில் பரவலாகப் பேசப்பட்ட மிகைச் சிக்கன ஓட்டுமுறைகளிலும் இத்தகையவை சில இருந்தன. பெரிய லாரியின் பின்னால் ஒட்டிச் சென்று காற்றின் எதிர்ப்பைக் குறைப்பது அவற்றுள் ஒன்று. எரிபொருள் குறைவது உண்மைதான். ஆனால் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடப்பதால், முன்னால் செல்லும் லாரி திடீரென நின்றால், பின்வருபவரின் கால் பிரேக்கைத் தொடுமுன்பே இடைவெளி முடிந்துவிடும். டயரில் அளவுக்கு மீறிக் காற்றடிப்பதும் தரையைத் தொடும் பரப்பைச் சுருக்கி, மழைநாளில் பிடிப்பைக் கெடுக்கிறது.

மாறாக, வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காவதால், நெடுஞ்சாலையில் வேகத்தைச் சற்றுக் குறைப்பதே எரிபொருளையும் உயிரையும் ஒருசேரக் காக்கும் வழி. தயாரிப்பாளர் குறித்த அளவில் டயர் காற்றை வைத்திருப்பதும், தொலைவிலேயே சிக்னலைக் கவனித்து ஆக்சிலரேட்டரை முன்கூட்டியே விடுவதும், நெடுநேரம் நிற்க நேர்ந்தால் இன்ஜினை அணைப்பதும் இவ்வகையினவே. மலையில், ஏறுவதற்குத் தேவைப்படும் கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் விதி இன்றைய பொறியியலோடும் முற்றிலும் பொருந்துகிறது. ஆயினும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கை மட்டுமே வைத்து ஓட்டுநரின் திறமையை அளக்கும் உரிமையாளர்களும் நிறுவனங்களும், தம் கணக்கு மலைப்பாதையில் அவரை எதற்குத் தூண்டுகிறது என்பதை எண்ணிப் பார்த்து, பிரேக் லைனிங்கின் தேய்மானத்தையும் அதே ஏட்டில் குறித்துவைப்பது அவசியம்; மிச்சமானதாகத் தோன்றும் டீசலுக்கு எந்த உறுப்பு விலை கொடுத்தது என்பதை அந்தப் பதிவு காட்டிவிடும்.