கலயத்தில் எடுத்து வைத்த எண்ணெய்



திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று ஆலயத்தில் அமர்ந்திருக்கும் பலர், அன்றைய நற்செய்தியைக் கேட்டுச் சற்றே திகைப்பதுண்டு. கடைத்தெருவில் நத்தார் விளக்குகள் மின்னத் தொடங்கிவிட்டன. வீட்டில் பிள்ளைகள் பாலன் குடிலுக்கு வைக்கோல் தேடுகின்றனர். நற்செய்தியிலோ பெத்லகேமைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவருள் எவருடைய நற்செய்தி அவ்வாண்டில் வாசிக்கப்படினும், விழிப்பாயிருக்கும்படி ஆண்டவர் இட்ட கட்டளையே ஒலிக்கிறது. டிசெம்பர் 16ஆம் திகதி வரை திருச்சபை தன் பார்வையை ஆண்டவரின் இரண்டாம் வருகையின் மீதே பெரிதும் பதித்திருக்கிறது. 17ஆம் திகதி முதற்கொண்டே மாட்டுத் தொழுவத்தின் பக்கம் முழுமையாகத் திரும்புகிறது. அந்த முதல் நாட்களை நாம் புத்தாடை வாங்குவதற்கும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்கும் கொடுத்துவிட்டோம்.

விழித்திருத்தல் என்றால் என்ன? மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு வசனத்தை நாம் எளிதாகக் கடந்து சென்றுவிடுகிறோம். மணமகன் வரத் தாமதித்தபோது, பத்துப் பேருமே உறங்கிவிட்டனர். அறிவிலிகள் மட்டுமல்ல, முன்மதியுடைய ஐவரும் உறங்கினார்கள். ஆகவே வேறுபாடு நள்ளிரவில் உண்டானதன்று. உறங்குவதற்கு முன்பே, கலயத்தில் எண்ணெய் எடுத்து வைத்த பொழுதிலேயே அது உண்டாகிவிட்டது.

எண்ணெய் கேட்டவர்களுக்கு இல்லையென்று சொன்னது கொடுமையல்லவா என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இரவல் கொடுக்க இயலாதவை சில உண்டு. ஒரு தாய் தன் மகனுக்காகச் செபிக்கலாம், நோன்பிருக்கலாம், மடுமாதாவுக்கு நேர்த்தி வைக்கலாம். ஆயினும் இருபது ஆண்டுகளாய் அவன் பழகாத செபத்தை ஓர் இரவில் அவனுடைய விளக்கில் அவள் ஊற்றிவிட முடியாது.

ஆண்டவரின் நாளை எதிர்பார்த்தல் என்றவுடன் சிலர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். இன்ன ஆண்டில் உலகம் முடியும் என்று அச்சிட்ட துண்டுப் பிரசுரங்கள் நம் ஊர்களிலும் கைமாறியதுண்டு. குறித்த நாட்கள் வந்து போயின. அந்த நாளைத் தந்தையன்றி வேறெவரும் அறியார் என்று ஆண்டவரே சொன்ன பின்னர், நமக்கு ஏன் இந்தக் கணிதம்? அந்த நாள் வந்துவிட்டதென்ற வதந்தியால் தெசலோனிக்கேயத் திருச்சபை கலங்கியிருந்தது. அங்கே சிலர் தொழிலை விட்டுச் சோம்பித் திரிந்தனர். அவர்களுக்குப் புனித பவுல் வானத்தை நோக்கிக் கொண்டிருக்கச் சொல்லவில்லை. அமைதியாக உழைத்துத் தங்கள் சொந்த உணவை உண்ணும்படியே கட்டளையிட்டார்.

காத்திருத்தல் எத்தகையது என்பதை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர், குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. 1687இல் கோவாவிலிருந்து வந்த புனித யோசப் வாஸ் அடிகளார் இந்நாட்டில் கால் வைக்கும் வரை, ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் அவ்விருள் நீடித்தது. அனைவரும் உறுதியாய் நின்றனர் என்று சொல்வதற்கில்லை. அச்சத்தினால் ஒல்லாந்தரின் பதிவேடுகளில் பெயர் கொடுத்தோர் பலர். எனினும் அடிகளார் பிச்சைக்காரரின் கோலத்தில், கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகச் சென்றபோது, அதைக் கண்டு முகம் மலர்ந்த குடும்பங்கள் இருந்தன. அந்த மலர்ச்சியைக் கொண்டே அவர் தம் மந்தையை இனங்கண்டார். இருபத்தொன்பது ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் செபமாலை இன்னதென்று கற்பித்தது யார்? தாய்மார், தந்தையர், பாட்டிமாரன்றி வேறு யார்? ஆலயமும் இல்லை, குருவும் இல்லை. அடைத்த கதவுக்குப் பின்னால் மாலைச் செபம் மட்டும் இருந்தது. அவர் சில்லாலையில் தங்கி இரவின் மறைவில் திருப்பலி ஒப்புக்கொடுத்த வேளையில், கூடிவரும் மக்கள் ஆயத்தமாய் இருந்தனர். அவரை 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது, அங்கே கூடியிருந்தோர் அந்தக் குடும்பங்களின் விசுவாச வழிமரபினரே.

அந்த வேளை சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டில் நத்தாருக்கு மறுநாள், ஒரு ஞாயிறு காலையில், கடல் எழுந்து வந்தது. 2019 ஏப்ரல் 21இல், உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியிலேயே கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் நம்மவர் மாண்டனர். இதை அச்சமூட்ட எழுதவில்லை; அவர்கள் ஆயத்தமின்றிச் சென்றனர் என்று நினைப்பதற்கும் நமக்கு உரிமையில்லை. பலர் செபித்துக்கொண்டிருந்த நிலையிலேயே அழைக்கப்பட்டனர்.

இன்று நம் வீடுகளில் கதவை அடைத்துக்கொள்ளத் தேவையில்லை, எவரும் தடுக்கவுமில்லை. தடுப்பாரின்றியே மாலைச் செபம் நின்றுபோன வீடுகள்தாம் எத்தனை! தொலைக்காட்சி முதலில் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டது. எஞ்சியதைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டது. கடினமான தவங்களைப் பற்றி இங்கே பேசவில்லை. 1548இல் அச்சேறிய ஆன்மப் பயிற்சிகள் நூலில் புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனைக்குக் கால்மணி நேரம் போதும். முதலில் அன்றைய நாளுக்காக நன்றி. பின்பு தன்னைத்தான் அறியும் அருளுக்காக மன்றாட்டு. அதன்பின் காலை முதல் நினைத்தது, பேசியது, செய்தது யாவற்றையும் மணி மணியாகத் திரும்பிப் பார்த்தல். குற்றத்தைத் தேடுமுன் நன்றியைச் சொல்லவைத்த அவருடைய ஞானத்தைக் கவனியுங்கள். மன்னிப்புக் கேட்டலும் நாளைக்கான தீர்மானமும் இறுதியில்தான் வருகின்றன.

முதல் இரண்டு மூன்று நாட்கள் இது வறண்டதாகவே இருக்கும். மனம் கடன் கணக்கிலும் பிள்ளையின் பரீட்சையிலும் அலையும். ஒரு வாரத்தின் பின்னர் ஒரே குற்றம், ஒரே மனிதரின் பெயர், திரும்பத் திரும்ப எதிர்ப்படும். பேசாதிருக்கும் அண்ணன், எல்லை வழக்கில் பகைத்த அயலவர், கூலி பாக்கியுள்ள வேலைக்காரர் என்று அது எவராகவும் இருக்கலாம். அவ்வேளையில் ஆன்ம சோதனையை நிறுத்திவிட வேண்டும்போல் தோன்றும், நிறுத்தாதீர்கள்.

நத்தாருக்கு முன்னைய பாவசங்கீர்த்தன நேரத்தை உங்கள் பங்குத்தந்தை அறிவிப்பார். அந்த மனிதரின் வீட்டுக்கு அதற்கு முன்பே ஒருமுறை போய் வாருங்கள்.