பூக்க மறுக்கும் கொடியும் கேரி தீவின் மண்ணும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் பூச்செடிக் கடைகளில் ‘பிளீடிங் ஹார்ட்’ என்றும், மலாய் மொழியில் ‘நோனா மாக்கான் சிரே’, அதாவது வெற்றிலை போட்ட நங்கை என்றும் அழைக்கப்படும் கொடி, வெண்ணிறப் பை ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் செந்நிறப் பூ எட்டிப் பார்க்கும் தோற்றத்தால் வாங்குவோரை எளிதில் கவர்ந்துவிடுகிறது. கடையில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த இக்கொடி, வீட்டுக்கு வந்த சில மாதங்களில் கரும்பச்சை இலைகளுடன் வேலியெங்கும் படர்ந்தும் ஒரு மொட்டுக்கூட வைக்காமல் நின்றுவிடுவதுண்டு. கொடியின் இயல்பையும் அது ஊன்றியிருக்கும் மண்ணின் தன்மையையும் சேர்த்து ஆராய்ந்தால் இதன் காரணம் விளங்கும். அவ்வாறு ஆராய்வதற்குக் கோலாலம்பூருக்குத் தென்மேற்கே, கோல லங்காட் மாவட்டக் கடலோரத்தில் உள்ள கேரி தீவு மிகப் பொருத்தமான இடம்.

ஒரே ஆங்கிலப் பெயரைத் தாங்கிய இருவேறு தாவரங்கள் இருப்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மேலை நாட்டுத் தோட்டக்கலை நூல்களில் இப்பெயரால் பேசப்படுவது பெரும்பாலும் லாம்ப்ரோகாப்னோஸ் ஸ்பெக்டாபிலிஸ் என்னும் சிறுசெடியாகும். கசகசாக் குடும்பத்தைச் சேர்ந்ததும், சைபீரியா, வட சீனா, கொரியா ஆகிய குளிர்நிலங்களைத் தாயகமாகக் கொண்டதுமான அச்செடியை, 1840-களில் சீனாவில் தாவரங்களைச் சேகரித்த ராபர்ட் ஃபார்ச்சூன் இங்கிலாந்துக்கு அனுப்பிய பிறகே அது ஐரோப்பியத் தோட்டங்களில் பரவியது. குளிர்காலத்தில் தரைக்கு மேலுள்ள பகுதி மடிந்து, வேர்க்கிழங்கு மண்ணுக்குள் உறங்கி, அக்குளிரைக் கடந்த பிறகுதான் அது மறுபடியும் துளிர்த்துப் பூக்கும். இரவிலும் வெப்பநிலை 23 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த உறக்கத்துக்கு வழியில்லை. ஆகவே அச்செடிக்கென எழுதப்பட்ட குறிப்புகளை இங்கே பின்பற்றுவதால் பயனில்லை.

மலேசிய வீடுகளில் வளர்வது கிளெரோடென்ட்ரம் தாம்சோனியே என்னும் மேற்கு ஆப்பிரிக்கக் கொடி. இன்றைய நைஜீரியாவின் பழைய கலபார் பகுதியில் சமயப் பணியாற்றிய வில்லியம் கூப்பர் தாம்சன், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக அதற்குப் பெயரிட வேண்டும் எனக் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, எடின்பரோவின் தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹட்டன் பால்ஃபர் 1862-இல் அப்பெயரைச் சூட்டினார். தற்கால வகைப்பாட்டின்படி துளசிக் குடும்பத்தில் வைக்கப்படும் இக்கொடிக்கு, தமிழ் மருத்துவம் அறிந்த தழுதாழையும், மலேசியத் தோட்டங்களில் அடுக்கடுக்காகச் சிவந்து பூக்கும் ‘பாங்கில் பாங்கில்’ செடியும் நெருங்கிய உறவுகளாகும்.

இப்பூவில் வெண்மையாகத் தெரியும் பை உண்மையில் இதழன்று. மொட்டை மூடிக் காக்கும் வெளியுறையாகிய புல்லிவட்டமே அவ்வாறு உப்பி வெளுத்திருக்கிறது. அதனுள்ளிருந்து வெளிவரும் சிவந்த பகுதியே இதழ்களாலான அல்லிவட்டம். அல்லிவட்டம் சில நாட்களில் உதிர்ந்துவிட, புல்லிவட்டம் மட்டும் இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் நிறம் மாறியபடி வாரக்கணக்கில் கொத்தில் தங்குகிறது. பூ விரிந்தவுடன் மகரந்தத் தாள்கள் முன்னோக்கி நீண்டிருக்க, சூல்தண்டு கீழே வளைந்து ஒதுங்கியிருக்கும். மகரந்தம் முதிர்ந்து கழிந்தபின் தாள்கள் சுருண்டுகொள்ள, சூல்தண்டு அவ்விடத்துக்கு நிமிர்ந்து வரும். ஒரு பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வதைக் குறைக்கும் ஏற்பாடு இது. இனப்பெருக்கத்துக்கு விதையைவிட வெட்டுத்தண்டே எளிது என்பதால், பாதி முற்றிய தண்டை இரண்டு மூன்று கணுக்களுடன் நறுக்கி, ஆற்று மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த கலவையில் நிழலில் ஊன்றி வைக்கும் முறையே வழக்கத்தில் உள்ளது.

கேரி தீவின் பெயர், அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பயிரிட்ட எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்டக்காரரிடமிருந்து வந்தது. பால்மரக் காடாக இருந்து பின்னர் செம்பனைத் தோட்டமாக மாறிய இத்தீவில், மரச்சிற்பக் கலைக்குப் பேர்பெற்ற மா மெரி பழங்குடியினரும், தோட்ட வேலைக்கு வந்த தமிழரின் வழித்தோன்றல்களும் வாழ்கின்றனர். கடல் கொணர்ந்த களிமண்ணால் ஆன தாழ்நிலம் ஆதலால், உப்புநீர் உட்புகாமல் கரைகள் எழுப்பியும், வாய்க்கால் வெட்டியும், கடல் வற்றும் நேரத்தில் மதகு திறந்து மழைநீரை வெளியேற்றியுமே இங்கு வேளாண்மை நடைபெறுகிறது.

இத்தகைய கடலோரத் தாழ்நிலங்களில் படியும் அலையாத்திக் காட்டுச் சேற்றில், கடல்நீரின் சல்பேட்டு உப்பை நுண்ணுயிரிகள் மாற்றுவதால் பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு உருவாகி அடிமண்ணில் தங்கியிருக்கும். நீரில் மூழ்கியிருக்கும்வரை அதனால் தீங்கில்லை. வடிகாலாலோ ஆழமாகத் தோண்டுவதாலோ காற்றுப் படும்போது அது கந்தக அமிலமாக மாறி மண்ணைக் கடும் புளிப்பாக்கிவிடுகிறது. வாய்க்கால் கரையில் மஞ்சள் திட்டுகள் தெரிவது இத்தகைய மண்ணின் அடையாளமாகும். அமிலம் மிகுந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரின் வளர்ச்சியைத் தடுப்பதோடு, மொட்டு உருவாக உதவும் மணிச்சத்தையும், அதாவது பாஸ்பரஸையும், இரும்புடன் சேர்ந்து பிணைத்து, செடிக்கு எட்டாமல் செய்துவிடுகிறது. எனவே இக்கொடியைக் குழி தோண்டி நடுவதைக் காட்டிலும், நீர் வடியும் மேட்டுப்பாத்தியிலோ பெரிய தொட்டியிலோ, மேல்மண், மட்கிய எரு, மணல் ஆகியவற்றைக் கலந்து நடுவதே தகும். தரையில்தான் நட வேண்டும் என்றால், புளிப்பை முறிக்கும் டோலமைட் சுண்ணாம்பைச் சில வாரங்கள் முன்னதாகவே மண்ணில் கலந்துவிட வேண்டும்.

மண்ணைச் செப்பனிட்ட பின்னும் பூக்காவிட்டால், காரணத்தைத் தட்பவெப்பத்தில் தேட வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 பாகை வடக்கே அமைந்த இப்பகுதியில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 20 நிமிடங்களே; மழையும் பெரும்பாலான மாதங்களில் தாராளமாகப் பெய்கிறது. வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் குளிரோ கடும் வறட்சியோ வராததால், கொடி இலையையும் தண்டையும் நீட்டிக்கொண்டே போகிறது. குளிர்நாட்டுச் செடிக்குப் பருவம் செய்யும் வேலையை, இங்கே கவாத்துக் கத்தியும், நீரையும் உரத்தையும் அளந்து கொடுக்கும் கையும் செய்ய வேண்டியிருக்கின்றன.

கவாத்து, அதாவது கிளைகளை அளவோடு வெட்டிச் சீர்செய்தல், இக்கொடிக்கு இன்றியமையாததாக இருப்பதற்குக் காரணம், பூங்கொத்துகள் புதிய தளிர்த்தண்டின் நுனியிலும் அதன் இலைக் கோணங்களிலும் தோன்றுவதே. முற்றிய தண்டை வெட்டாமல் விட்டால் தளிர்கள் குறைந்து, பூக்களும் எட்டாத உயரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே வரும். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்தவுடன் மூன்றில் ஒரு பங்கு நீளத்தைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால், கீழ்க்கணுக்களிலிருந்து கிளைகள் பலவாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு கொத்துக்கு இடமாகும். அரும்பும் தளிர்களைக் கிள்ளினால் அடுத்த கொத்தே போய்விடும் என்பதால் கவாத்துக்கான காலத்தைத் தேர்வது முக்கியம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுவதால், மே மாத இறுதியிலும் ஆண்டின் முடிவிலும் கவாத்து செய்தால், தளிர்கள் ஓரளவு மழை குறைந்த ஜூன், ஜூலையிலும் பிப்ரவரியிலும் நல்ல வெயிலில் முதிரும்.

உரமிடுவதிலும் இதே ஒழுங்கு வேண்டும். கவாத்துக்குப் பின் துளிர்க்கும்வரை நீரைக் குறைத்து, துளிர் விட்டதும் மட்கிய எருவை இட்டு, தளிர்கள் நீண்டபின் இலையைப் பெருக்கும் தழைச்சத்தாகிய நைட்ரஜனை அடக்கி, மணிச்சத்தும் சாம்பல்சத்தும், அதாவது பொட்டாசியமும், கூடிய உரத்துக்கு மாற வேண்டும். செம்பனை ஆலைகளில் பழம் உதிர்த்தெடுத்த வெற்றுக்குலை சாம்பல்சத்து நிறைந்தது என்பதால், அதை மட்கவைத்த எரு இங்கே கைக்கெட்டிய இடுபொருளாகும். குலையை எரித்த சாம்பல் புளிப்பு மண்ணுக்கு ஏற்றதே ஆயினும், அதன் காரத்தன்மை கடுமையாதலால் தொட்டியில் சிறிதளவுக்கு மேல் தூவலாகாது. நீரைக் குறைப்பது இலை துவளும் அளவுக்குச் சென்றால் மொட்டுகள் உதிர்ந்துவிடும். விரல் நுழையும் ஆழத்துக்கு மேல்மண் உலர்ந்தபின் ஊற்றுவதே போதிய கட்டுப்பாடாகும்.

தழைச்சத்து மிகுந்து மெலிந்து நீளும் தளிர்களை மாவுப்பூச்சியும் செம்பேன் என்னும் சிலந்திப் பேனும் விரும்பி உறிஞ்சுவதால், உரக் கட்டுப்பாடு பூச்சியையும் ஓரளவு தடுக்கிறது. கண்டவுடன் நீர் பீய்ச்சிக் கழுவுவதும் வேப்பெண்ணெய் கலந்த சோப்புநீர் தெளிப்பதும் வீட்டளவில் போதுமானவை.

ஆகவே, பூக்காத கொடிக்கு உரத்தை இரட்டிப்பாக்கும் முன் மூன்றைச் சோதிப்பது நலம்: காலை வெயில் நான்கைந்து மணி நேரமாவது படுகிறதா, கடைசிக் கவாத்துக்குப் பின் புதிய தண்டு போதிய அளவு வந்திருக்கிறதா, வேர் நிற்கும் மண் புளிப்பாகவோ நீர் தேங்கியோ இருக்கிறதா. இம்மூன்றும் சரியாக இல்லாதவரை, கூடுதலாக இடப்படும் உரம் இலையாகவே மாறும்.